இழுத்த ஆக்சிஜன் எங்கே போகிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பெரியவர் ஒருவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 360 லிட்டர். மாடி ஏறினாலோ, வயலில் இறங்கி வேலை செய்தாலோ இன்னும் பல மடங்கு கூடும். இத்தனை ஆக்சிஜனும் உடலுக்குள் போய் என்ன ஆகிறது?

பள்ளியில் அறிவியல் படித்த யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கரியமில வாயுவாக மாறி வெளியே வந்துவிடுகிறது. உள்ளே போவது ஆக்சிஜன், வெளியே வருவது கரியமில வாயு என்பதால் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் நீங்கள் இழுக்கும் ஆக்சிஜன் செல்லுக்குள் தண்ணீராக மாறுகிறது. நீங்கள் வெளியே விடும் கரியமில வாயு வேறு கட்டத்தில், அந்த ஆக்சிஜனின் கை படாமலேயே உருவாகிவிடுகிறது.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் காற்றுச் சுவாசம் மொத்தமும் தானாக விளங்கும் என்பது என் எண்ணம். கிளைக்காலிசிஸ், கிரப்ஸ் சுழற்சி, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி என்று மூன்று பெயர்களையும் மனப்பாடம் செய்து, எதற்காக இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும் என்று தெரியாமலேயே தேர்வெழுதி முடிக்கிற பிள்ளைகள் ஏராளம். உயிரியலில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி வரும் பகுதி அதிகம் கிடையாது. அதைப் பெயர்ப் பட்டியலாக மட்டும் படித்துவிட்டுப் போவது வருத்தமான விஷயம்.

தீயில் எரிவதும் செல்லில் எரிவதும்

சுவாசமும் ஒருவகை எரிதல்தான் என்று அளந்து காட்டியவர் பிரான்ஸின் வேதியியலாளர் லவாய்சியர். 1782-83 குளிர்காலத்தில் அவரும் கணித அறிஞர் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்துக்குள் கினிப்பன்றி ஒன்றை வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அந்த விலங்கு எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்றும் பார்த்தார்கள். அதே அளவு கரியமில வாயு வரும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்பதோடு ஒப்பிட்டால், இரண்டும் நெருங்கி வந்தன. மெழுகுவத்தியும் விலங்கும் அடிப்படையில் ஒரே வேதிவினையைச் செய்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அந்த எரிதல் நுரையீரலில் நடக்கிறது என்று அவர் நினைத்தார். அது மட்டும் சரியில்லை. நுரையீரல் காற்றை மாற்றிக் கொடுப்பதோடு சரி. வேலை நடப்பது உடலின் செல்களுக்குள். மூச்சு விடுவது வேறு, செல்லின் சுவாசம் வேறு என்று பாடநூல்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

எரிதல் என்று சொன்னதில் ஓர் உண்மை உறுதியாக இருக்கிறது. 180 கிராம் குளுக்கோஸை நெருப்பில் எரித்தாலும் சரி, செல்லுக்குள் சிதைத்தாலும் சரி, வெளிப்படும் மொத்த ஆற்றல் ஒன்றுதான்: சுமார் 686 கிலோகலோரி. நெருப்பில் இது மொத்தமும் ஒரே மூச்சில் வெப்பமாகவும் வெளிச்சமாகவும் போய்விடும். செல்லுக்கு அது உதவாது. வெப்பத்தைக் கொண்டு வேலை வாங்க வேண்டுமானால் ஓரிடம் சூடாகவும் இன்னோரிடம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ரயில் நீராவி எஞ்சின் அப்படித்தான் ஓடியது. செல்லோ எல்லாப் பக்கமும் ஒரே 37 டிகிரியில் இருக்கிறது. ஆகவே ஆற்றல் வெப்பமாகச் சிதறிப்போகும் முன்பே அதைப் பிடித்தாக வேண்டும்.

பிடிப்பது எதை? இங்கேதான் எலக்ட்ரான்கள் வருகின்றன.

குளுக்கோஸ் மூலக்கூறில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. கார்பனும் ஹைட்ரஜனும் பகிர்ந்து வைத்திருக்கும் எலக்ட்ரான்களை இரண்டுமே அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருப்பதில்லை. ஆக்சிஜன் அப்படியல்ல, எலக்ட்ரான் மேல் அதற்குக் கடும் பசி. தளர்வான பிடியிலிருந்து இறுக்கமான பிடிக்கு எலக்ட்ரான் இடம் மாறும்போது ஆற்றல் வெளியாகிறது. உணவின் ஆற்றல் என்று நாம் சொல்வது இந்த இடமாற்றத்தால் கிடைப்பதுதான். "பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது" என்று சிலர் எழுதுவது தவறு. எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவாகும். உடைந்த அணுக்கள் அதைவிட உறுதியான புதுப் பிணைப்புகளில் சேரும்போதுதான் லாபம் கிடைக்கிறது.

நெருப்பு அந்த எலக்ட்ரான்களை ஒரேயடியாக ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. செல் அவற்றைக் குளுக்கோஸிலிருந்து இரண்டிரண்டாகக் கழற்றி, கைமாற்றிக் கைமாற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் ஆற்றலைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. இனி வரப்போவது எல்லாம் இந்த வாக்கியத்தின் விரிவுதான்.

ஏடிபி என்றால் என்ன

பிடித்த ஆற்றலை எதில் வைப்பது? ஏடிபி என்ற மூலக்கூறில். அடினோசின் என்ற பகுதியோடு மூன்று பாஸ்பேட் தொகுதிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். கடைசிப் பாஸ்பேட் கழன்று, ஏடிபி இரண்டு பாஸ்பேட் மட்டும் கொண்ட அடினோசின் டைபாஸ்பேட்டாக மாறும்போது, செல்லின் வேலைகளுக்குப் பயன்படும் ஆற்றல் கிடைக்கிறது. தசை சுருங்குவதும், நரம்பில் செய்தி ஓடுவதும், புதிய புரதம் கட்டப்படுவதும் இதைக் கொண்டுதான். மறுபடி ஒரு பாஸ்பேட்டை ஒட்டவைத்தால் ஏடிபி திரும்பக் கிடைத்துவிடும். சுவாசத்தின் வேலை இந்த ஒட்டவைப்புதான்.

ஏடிபியை 1929ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே, எல்லாப்பிரகட சுப்பாராவ் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சுப்பாராவ் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். செல்லின் ஆற்றலைப் பற்றிப் பேசும் எந்த வகுப்பிலும் அவர் பெயர் ஒலிக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியாமல் இருப்பது சரியில்லை.

ஏடிபியைச் சேமித்து வைக்க முடியாது. எந்த நேரத்தில் பார்த்தாலும் உடலில் மொத்தம் 50 கிராம் அளவில்தான் அது இருக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. ஆனால் செலவு? ஒருவர் நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 40 சதவீதம் ஏடிபியில் சேர்கிறது என்றால் 800 கிலோகலோரி. செல்லுக்குள் நிலவும் சூழலில் ஒரு மோல் ஏடிபி, அதாவது 507 கிராம், தருவது சுமார் 12 கிலோகலோரி. வகுத்துப் பெருக்கினால் 30 கிலோவுக்கு மேல் வருகிறது. இருப்பது 50 கிராம், ஒரு நாள் புழக்கம் 30 கிலோ. ஆக, உங்கள் உடலில் உள்ள ஒவ்வொரு ஏடிபி மூலக்கூறும் தினமும் பல நூறு தடவை உடைந்து திரும்ப உருவாகிறது. உற்பத்தி சில நிமிடம் நின்றால் உயிர் தாங்காது.

முதல் கட்டம்: ஆக்சிஜன் இல்லாமலேயே

சாப்பிட்ட சோறு செரித்து, குளுக்கோஸாக ரத்தத்தில் கலந்து, செல்லுக்குள் நுழைகிறது. அங்கே செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்திலேயே முதல் சிதைவு தொடங்குகிறது. கிளைக்காலிசிஸ் என்று பெயர். 10 படிகள் உண்டு. அந்தப் பத்து நொதிகளின் பெயரும் தொடக்கத்தில் தேவையில்லை. போட்டது என்ன, எடுத்தது என்ன என்று மட்டும் பார்ப்போம். 6 கார்பன் கொண்ட குளுக்கோஸ் இரண்டாக வெட்டப்பட்டு, 3 கார்பன் கொண்ட பைருவிக் அமிலம் இரண்டு கிடைக்கிறது. தொடங்கி வைக்க 2 ஏடிபி செலவாகிறது, பிறகு 4 கிடைக்கிறது, ஆக லாபம் 2.

அப்புறம் இன்னொன்றும் நடக்கிறது. குளுக்கோஸிலிருந்து கழற்றிய எலக்ட்ரான்களை என்ஏடி என்ற மூலக்கூறு வாங்கிக்கொண்டு என்ஏடிஎச் ஆகிறது. எலக்ட்ரான்களைச் சுமந்து செல்வதுதான் இதன் வேலை. செல்லில் என்ஏடி கொஞ்சம்தான் இருக்கிறது. எல்லாமே சுமையோடு நின்றுவிட்டால் கிளைக்காலிசிஸ் அப்படியே நின்றுபோகும். எங்காவது சுமையை இறக்கியாக வேண்டும்.

ஆக்சிஜன் கிடைக்காத நிலையில் செல்கள் செய்யும் வேலையெல்லாம் இந்தச் சுமையை இறக்கத்தான். பதநீரில் சுண்ணாம்பு இல்லாமல் விட்டால் கள்ளாகப் புளிப்பது எப்படி? ஈஸ்ட் தன் எலக்ட்ரான்களைப் பைருவிக் அமிலத்திலிருந்து வந்த ஒரு பொருள் மேல் இறக்கிவைக்கிறது. அது ஆல்கஹாலாக மாறுகிறது. முழு வேகத்தில் ஓடும்போது நம் தசையும் பைருவிக் அமிலத்தின் மேலேயே இறக்கிவைக்கிறது. லாக்டிக் அமிலம் வருகிறது. ஆல்கஹாலோ லாக்டிக் அமிலமோ உருவாகும் அந்தப் படியில் புதிதாக ஒரு ஏடிபி கூடக் கிடைப்பதில்லை. என்ஏடியைக் காலி செய்து கிளைக்காலிசிஸை ஓடவைப்பதுதான் அதன் பயன். அந்த 2 ஏடிபியை வைத்துக்கொண்டு ஈஸ்ட் பிழைத்துவிடும். நம் மூளையால் பிழைக்க முடியாது.

ஒரு வியப்பான விதிவிலக்கு நம் ரத்தத்திலேயே இருக்கிறது. முதிர்ந்த சிவப்பணுவில், செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடமான மைட்டோகாண்ட்ரியா கிடையாது. உடல் முழுக்க ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் அந்த அணு, தன் தேவைக்கு ஒரு துளி ஆக்சிஜனைக்கூட எடுத்துக்கொள்வதில்லை; ஆயுள் முழுவதும் கிளைக்காலிசிஸிலேயே காலம் தள்ளுகிறது.

கரியமில வாயு பிறக்கும் இடம்

ஆக்சிஜன் இருந்தால் பைருவிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. இது இரட்டைச் சவ்வு கொண்ட உறுப்பு. உள்சவ்வு ஏராளமான மடிப்புகளோடு இருக்கும். தனக்கென்று சொந்த டிஎன்ஏ வைத்திருக்கிறது. மிகப் பழைய காலத்தில் தனியாக வாழ்ந்த ஒரு பாக்டீரியாவின் வழித்தோன்றல் இது என்பதற்கு அதுவும் ஒரு சான்று. இடைவிடாமல் துடிக்கும் இதயத் தசைச் செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியாக்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன.

உள்ளே போனதும் பைருவிக் அமிலம் ஒரு கார்பனைக் கரியமில வாயுவாக இழக்கிறது. மீதி 2 கார்பன், கோ-என்சைம் ஏ என்ற பொருளோடு சேர்ந்து அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. இந்தப் படி நடக்க வைட்டமின் பி1, அதாவது தையமின், கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் குளுக்கோஸ் வாசலிலேயே நின்றுவிடும். அதிக ஆற்றல் தேவைப்படும் இதயமும் நரம்புகளும்தான் முதலில் தடுமாறும். அந்த நோய்தான் பெரிபெரி. பழைய சென்னை மாகாணத்தில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை நம்பி வாழ்ந்த வடசர்க்கார் என்ற ஆந்திரக் கடலோரப் பகுதியில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தெற்குப் பகுதிகளில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தையமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடாது.

இனி கிரப்ஸ் சுழற்சி. ஹான்ஸ் கிரப்ஸ் யூதர் என்பதால் 1933ல் ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். ஷெஃபீல்டில் புறாவின் மார்புத் தசையைக் கூழாக்கி, எந்தெந்த அமிலத்தைச் சேர்த்தால் அது ஆக்சிஜனை அதிகமாக இழுக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். பறக்க உதவும் தசை என்பதால் அதில் சுவாசம் வேகமாக நடக்கும். சிட்ரிக் அமிலம் போன்ற சில பொருட்களைத் துளியளவு சேர்த்தாலே, அவை எரிந்துபோவதால் எதிர்பார்க்கக்கூடியதைவிட மிக அதிகமாக ஆக்சிஜன் செலவானது. அப்படியானால் அந்தப் பொருள் தீர்ந்துபோகாமல் திரும்பத் திரும்ப உருவாகிறது; வினைகள் ஒரு வட்டமாக ஓடுகின்றன. 1937ல் இதை எழுதி அனுப்பியபோது 'நேச்சர்' இதழ், கையில் ஏற்கெனவே நிறையக் கடிதங்கள் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியது. வேறோர் இதழில் அது வெளிவந்தது. 1953ல் நோபல் பரிசு கிடைத்தது.

சுழற்சி நடப்பது இப்படி: அசிட்டைல் கோ-ஏவின் 2 கார்பன், ஏற்கெனவே அங்கிருக்கும் 4 கார்பன் அமிலம் ஒன்றோடு சேர்ந்து 6 கார்பன் கொண்ட சிட்ரிக் அமிலம் ஆகிறது. எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்தான். சுற்றின் போது 2 கார்பன் கரியமில வாயுவாகப் போய்விட, பழைய 4 கார்பன் அமிலம் திரும்பக் கிடைக்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சுற்று.

இப்போது எண்ணிப் பாருங்கள். பைருவிக் அமிலத்திலிருந்து 2, சுழற்சியில் 4, ஆக 6 கரியமில வாயு மூலக்கூறுகள். குளுக்கோஸின் ஆறு கார்பனும் போய்விட்டது. ஆனால் நீங்கள் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் இதுவரை எந்த வினையிலும் நேரடியாகக் கலந்துகொள்ளவில்லை!

அப்படியென்றால் அந்த 6 கரியமில வாயுவில் இருக்கும் 12 ஆக்சிஜன் அணுக்கள் எங்கிருந்து வந்தன? ஆறு, குளுக்கோஸிலேயே இருந்தவை. மீதி ஆறு, வழியில் சேர்க்கப்பட்ட தண்ணீரிலிருந்து வந்தவை. பள்ளியில் எழுதும் சமன்பாடு, ஒரு குளுக்கோஸும் 6 ஆக்சிஜனும் சேர்ந்து 6 கரியமில வாயுவும் 6 தண்ணீரும் தரும் என்கிறது. கணக்கு சரிதான். ஆனால் உண்மையில் உள்ளே 6 தண்ணீர் போகிறது, வெளியே 12 தண்ணீர் வருகிறது. இரண்டு பக்கமும் கழித்துவிட்டு 6 என்று எழுதுகிறோம். கழிக்காமல் பார்த்தால் 6 ஆக்சிஜன் மூலக்கூறின் 12 அணுக்களும் அந்த 12 தண்ணீரில் இருப்பது தெளிவாகத் தெரியும்.

இதுவரை கிடைத்த ஏடிபி எவ்வளவு? கிளைக்காலிசிஸில் 2, சுழற்சியில் 2. மொத்தம் நான்கே நான்கு. குளுக்கோஸ் முழுக்கச் சிதைந்துவிட்டது, கார்பன் காற்றில் கலந்துவிட்டது, கையில் இருப்பது 4 ஏடிபி. மிச்ச ஆற்றல் எங்கே? சுமையோடு நிற்கும் 10 என்ஏடிஎச், அதே வேலையைச் செய்யும் 2 எஃப்ஏடிஎச்2. அந்த எலக்ட்ரான்களில்தான் பெரும்பங்கு இருக்கிறது.

எலக்ட்ரான் இறங்க, புரோட்டான் ஏற

மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் நான்கு பெரிய புரதத் தொகுதிகள் பதிந்திருக்கின்றன. இதுதான் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. என்ஏடிஎச் தன் எலக்ட்ரான்களை முதல் தொகுதியிடமும், எஃப்ஏடிஎச்2 இரண்டாவது தொகுதியிடமும் கொடுக்கின்றன. அங்கிருந்து இரண்டு வழியும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் போகின்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எலக்ட்ரான் முன்பைவிட இறுக்கமான பிடிக்குள் போகிறது, கொஞ்சம் ஆற்றல் வெளியாகிறது.

அந்த ஆற்றலைக் கொண்டு நேரடியாக ஏடிபி செய்யும் ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று பல ஆய்வகங்கள் நெடுநாள் தேடின. கிடைக்கவில்லை. 1961ல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், அப்படி ஒரு பொருளே இல்லை என்றார். எலக்ட்ரான் ஓட்டத்தின் ஆற்றல், புரோட்டான்களை, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுக்களை, சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறைக்கப் பயன்படுகிறது. அங்கே சேர்ந்த புரோட்டான்கள் திரும்பி வரும் வேகத்தில்தான் ஏடிபி உருவாகிறது என்பது அவர் கருத்து. துறையில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர் உடல்நலம் குன்றிப் பல்கலைக்கழக வேலையை விட்டு, கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு அங்கேயே ஜெனிஃபர் மொய்லுடன் ஆய்வைத் தொடர்ந்தார். சான்றுகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் சேர்ந்தன. 1978ல் வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது.

மேட்டூர் அணையை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். சவ்வுதான் அணைச்சுவர். ஒரு பக்கம் தேங்கி நிற்கும் புரோட்டான்கள்தான் நீர்த்தேக்கம். சுவரில் திறப்பு இருக்கும் இடத்தில் மட்டும் அவை பாய்ந்து இறங்க முடியும். இறங்கும் வழியில் ஒரு சுழலி. ஏடிபி சின்தேஸ் என்ற அந்தப் புரதம் உண்மையாகவே சுழல்கிறது. பால் போயரும் ஜான் வாக்கரும் அது இயங்கும் விதத்தை விளக்கியதற்காக 1997 நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தின் நடுத்தண்டில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்துவிட்டார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 3 ஏடிபி.

சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோல்ட். டார்ச் பேட்டரியின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சவ்வின் தடிமன் மீட்டரில் இருபது கோடியில் ஒரு பங்கு. அந்தத் தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்ற அளவில் மின்புலம் வருகிறது.

சரி, நான்காவது தொகுதிக்கு வந்த எலக்ட்ரான்கள் என்ன ஆகும்? ஆற்றலையெல்லாம் கொடுத்துவிட்டு வந்து நிற்கின்றன. யாராவது வாங்கிக்கொண்டால்தான் பின்னால் வருபவற்றுக்கு வழி கிடைக்கும். இங்கேதான், கடைசியோ கடைசிப் படியில், நீங்கள் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் வருகிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு 4 எலக்ட்ரான்களையும் 4 புரோட்டான்களையும் வாங்கி, 2 தண்ணீர் மூலக்கூறாகிறது. மூச்சு விடுவது இந்த ஒரு படிக்காகத்தான்.

கடைசிப் படி அடைபட்டால்

ஆக்சிஜன் வராவிட்டால் நான்காவது தொகுதியில் எலக்ட்ரான் தேங்கும். அதனால் மூன்றாவது நிற்கும், முதலாவது நிற்கும். என்ஏடிஎச் தன் சுமையை இறக்க இடமில்லாமல் நிற்கும். வெறும் என்ஏடி கிடைக்காததால் கிரப்ஸ் சுழற்சியும் நிற்கும். ஆக்சிஜனைத் தொடாத அந்தச் சுழற்சி ஆக்சிஜன் இல்லாமல் ஓடாததற்குக் காரணம் இதுதான். புரோட்டான் இறைப்பும் நின்று, ஏடிபி சில நிமிடங்களில் வற்றிவிடும். உடல் எடையில் 2 சதவீதமே இருந்தாலும் ஓய்வு நேர ஆற்றலில் 20 சதவீதத்தைச் செலவழிக்கும் மூளைதான் முதலில் அடிவாங்கும்.

சயனைடு கொல்வதும் இதே இடத்தில்தான். அது நான்காவது தொகுதியில் ஆக்சிஜன் வந்து அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நுரையீரல் வேலை செய்யும், ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும், செல்லால்தான் அதைப் பயன்படுத்த முடியாது. பயன்படாத ஆக்சிஜன் அப்படியே திரும்புவதால் சிரை ரத்தமும் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். மரவள்ளிக்கிழங்கில், அதிலும் கசப்பு வகைகளில், சயனைடை வெளிவிடக்கூடிய பொருள் உண்டு. தோலைச் சீவி, துண்டாக்கி, நிறைய தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் பழக்கத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. அதை யாரும் சோம்பலில் விட்டுவிட வேண்டாம்.

அணைச்சுவரில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உண்மையான சம்பவம் இருக்கிறது. டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருள் புரோட்டான்களைச் சுழலி வழியாக விடாமல் சவ்வு வழியாகவே கசியவிடும். எலக்ட்ரான் ஓட்டமும் ஆக்சிஜன் செலவும் கூடும், ஏடிபி குறையும், ஆற்றல் மொத்தமும் வெப்பமாகப் போகும். 1930களில் அமெரிக்காவில் இதை உடல் இளைக்கும் மாத்திரையாக விற்றார்கள். எடை உண்மையிலேயே குறைந்தது. சிலர் உடல் சூடு தாங்காமல் இறந்தார்கள், சிலருக்குக் கண்புரை வந்தது. 1938ல் அங்கே அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அறிவிக்கப்பட்டது. இன்றும் இணையத்தில் இதை இரகசியமாக வாங்கி உயிரிழப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்: தொடவே கூடாத பொருள் இது.

அதே கசிவை இயற்கை அளவோடு பயன்படுத்துகிறது. பிறந்த குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன் போதாது. அதன் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அங்குள்ள மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு தனிப் புரதம், தேவைப்படும்போது மட்டும் புரோட்டான்களைக் கசியவிட்டு வெப்பம் உண்டாக்குகிறது.

கொழுப்பு, அப்புறம் அந்த 38

செல் குளுக்கோஸை மட்டும் எரிப்பதில்லை. கொழுப்பும் 2 கார்பன் துண்டுகளாக வெட்டப்பட்டு அசிட்டைல் கோ-ஏவாக அதே சுழற்சிக்குள் நுழைகிறது. கொழுப்பில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் அதிகம், ஆக்சிஜன் குறைவு. கழற்றி எடுக்க எலக்ட்ரான் நிறைய. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோகலோரி தரும் இடத்தில் ஒரு கிராம் கொழுப்பு 9 தருவதற்கு இதுவே காரணம். உடல் இளைத்தால் கொழுப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கும் இதே கணக்கு பதில் சொல்கிறது. 10 கிலோ கொழுப்பு முழுதாகச் சிதைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது.

கடைசியாக, மாணவர்களைக் குழப்பும் எண். ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏடிபி? பல பாடநூல்களில் 36 அல்லது 38 என்று இருக்கும். புதிய நூல்களில் 30 அல்லது 32. பழைய கணக்கு, ஒரு என்ஏடிஎச்சுக்கு 3 ஏடிபி, ஒரு எஃப்ஏடிஎச்2க்கு 2 ஏடிபி என்று முழு எண்ணாக எடுத்துக்கொண்டது. மிட்செல் சொன்ன வழியில் பார்த்தால் முழு எண்ணாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு என்ஏடிஎச் 10 புரோட்டான்களை இறைக்கிறது. ஓர் ஏடிபியைச் செய்து, அதை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே அனுப்புவது வரை 4 புரோட்டான் செலவு. ஆகவே 2.5. எஃப்ஏடிஎச்2 முதல் தொகுதியைத் தவிர்த்துவிடுவதால் 6 புரோட்டான்தான், ஆகவே 1.5. பத்து என்ஏடிஎச்சுக்கு 25, இரண்டு எஃப்ஏடிஎச்2க்கு 3, நேரடியாகக் கிடைத்த 4, மொத்தம் 32.

அப்படியானால் 30 எங்கிருந்து வந்தது? கிளைக்காலிசிஸில் உருவான 2 என்ஏடிஎச் சைட்டோபிளாசத்தில் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைத் தாண்டி அவற்றால் போக முடியாது. எலக்ட்ரான்களை மட்டும் உள்ளே கைமாற்றிவிட இரண்டு வழிகள் உண்டு. இதயமும் கல்லீரலும் பெரிதும் பயன்படுத்தும் வழியில் எலக்ட்ரான்கள் உள்ளே மறுபடி என்ஏடிஎச் ஆகின்றன; இழப்பில்லை, 32. எலும்புத் தசையில் வேகமாக நடக்கும் இன்னொரு வழியில் அவை சங்கிலியின் நடுவில் வந்து சேர்கின்றன, முதல் தொகுதியின் இறைப்பு கிடைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் 1 ஏடிபி குறைந்து, 30.